வக்கீல் தொழிலை உதறிவிட்டுப் பூட்டு செய்தவர்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால், நகைப் பேச்சுக்கு அடுத்தபடியாக வீட்டில் எழும் பேச்சு பீரோவைப் பற்றியதுதான். மலையாள வீடுகளில் அதை அலமாரை என்பார்கள். தமிழர் வீடுகளில் பீரோ. களியக்காவிளையில் வாங்கினால் லாபமா, நெய்யாற்றின்கரையில் வாங்கினால் லாபமா என்று மாமன்மார் கணக்குப் பார்ப்பார்கள். பக்கத்துப் பட்டறையில் தகடு வளைத்து, அடுப்படிச் சாம்பல் நிறத்தில் பெயிண்ட் அடித்த பீரோவாக இருந்தாலும், கடைக்காரர் அதைக் கோத்ரெஜ் மாடல் என்று சொல்லித்தான் விற்பார். வாங்குகிறவருக்கும் அப்படிச் சொன்னால்தான் மனம் சமாதானமாகும்.

கோத்ரெஜ் என்பது ஏதோ சீமைக் கம்பெனியின் பெயர் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அது பம்பாயில் பிறந்த ஒரு பார்சிக்காரரின் குடும்பப் பெயர். அவர் படித்தது சட்டம். முதலில் செய்த தொழில் வக்கீல் தொழில். அதில் தோற்றார். அடுத்துத் தொடங்கிய தொழிலிலும் தோற்றார். மூன்றாவதாகக் கையில் எடுத்தது வீட்டுக் கதவில் தொங்கும் பூட்டு. அந்த ஒரு சாமானிலிருந்து இரும்புப் பெட்டி, பீரோ, சோப்பு என்று இந்தியாவின் நடுத்தரக் குடும்பத்து வீட்டுக்குள் அறை அறையாக நுழைந்தவர் அர்தேஷிர் கோத்ரெஜ்.

செல்வர் வீட்டுப் பிள்ளை

அர்தேஷிர் 1868-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் தேதி பம்பாயில் பிறந்தார். தந்தை பர்ஜோர்ஜி. நிலம், கட்டடம் வாங்கி விற்கும் தொழிலில் நன்றாகச் சம்பாதித்த குடும்பம். குடும்பப் பெயரைக் கோத்ரெஜ் என்று மாற்றி வைத்தவர் தந்தைதான். அதற்கு முன் அது கூத்தராஜி என்று வழங்கி வந்தது. ஆறு குழந்தைகளில் அர்தேஷிர் மூத்தவர். தம்பி பிரோஜ்ஷா இவரைவிடப் பதினான்கு வயது இளையவர். இந்தத் தம்பியைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1890-இல் அர்தேஷிருக்குத் திருமணம் நடந்தது. மனைவி பச்சுபாய். மறு வருஷம் ஏப்ரல் 25-ஆம் தேதி, பம்பாய் ராஜாபாய் மணிக்கூண்டுக்கு ஓர் உறவுக்காரப் பெண்ணோடு போன பச்சுபாய், உச்சியிலிருந்து விழுந்து இறந்தார். கூடச் சென்ற பெண்ணும் அவ்வாறே இறந்தார். அந்த இரட்டைச் சாவு பம்பாயையே உலுக்கிய வழக்காயிற்று. அர்தேஷிர் அதன்பின் மணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகள் இல்லை. இருபத்து மூன்று வயதில் வீடு வெறுமையாகிவிட்ட மனிதர், பிற்காலத்தில் பிறர் வீடுகளின் பாதுகாப்பையே தமது தொழிலாகக் கொண்டார். ஒன்றால் மற்றொன்று விளைந்தது என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் ஒரே வாழ்க்கையில் நேர்ந்தன.

ஜான்சிபாரில் நடந்தது

சட்டம் படித்து வெளிவந்த அர்தேஷிரை 1894-இல் பம்பாய் வக்கீல் கம்பெனி ஒன்று கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள ஜான்சிபார் தீவுக்கு அனுப்பியது. அங்கே ஒரு கட்சிக்காரருக்காக வாதாட வேண்டும். வழக்கு நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முடிவு நெருங்கிய வேளையில், கட்சிக்காரர் ஜெயிக்க வேண்டுமானால் தாம் உண்மையைக் கொஞ்சம் வளைத்துப் பேச வேண்டியிருக்கும் என்பது அர்தேஷிருக்குப் புலப்பட்டது. அவர் மறுத்துவிட்டார். கட்சிக்காரர் கெஞ்சிப் பார்த்தார். அனுப்பிய கம்பெனியும் எடுத்துச் சொல்லிப் பார்த்தது. இளைஞர் அசையவில்லை. வேறு வக்கீலை வைத்துக்கொண்டார்கள். இவர் கப்பலேறி ஊர் திரும்பினார்.

கோர்ட்டு வாசலில் காத்துக் கிடந்து பழகியவர்கள் இதைக் கேட்டால், உலகம் தெரியாத பிள்ளை என்று சிரிக்கக் கூடும். சிரிப்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் இந்தப் பிடிவாதம் அவரை விட்டுப் போகவில்லை என்பதை அடுத்த சம்பவம் காட்டுகிறது.

கத்தியிலே முத்திரை

பம்பாய் திரும்பியவர் ஒரு மருந்துக் கடையில் உதவியாளராகச் சேர்ந்தார். பணக்கார வீட்டு மூத்த பிள்ளை மருந்துக் கடையில் கைவேலை பார்ப்பதை அக்காலத்தில் ஊர் எப்படிப் பேசியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே டாக்டர்கள் கையாளும் அறுவைக் கருவிகளை அவர் பார்த்தார். கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் கப்பலில் வருகின்றன. இதே எஃகை இங்கேயே அடித்து, தீட்டி, முனை பார்த்து விற்றால் என்ன என்ற எண்ணம் பிறந்தது.

முதலுக்குத் தந்தையிடம் போகவில்லை. தந்தையின் நண்பரான மேர்வான்ஜி காமா என்ற வியாபாரியிடம் போய்க் கடன் கேட்டார். சொந்த அப்பா இருக்க என்னிடம் ஏன் வந்தாய் என்று காமா வியந்தாராம். அப்பாவிடம் கேட்டால் அவர் அதை அன்பளிப்பாகத் தந்துவிடுவார், தமக்கு வேண்டியது திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் என்பது அர்தேஷிரின் பதிலாக இருந்தது. காமா கொடுத்தார்.

கருவிகள் தயாராயின. மருந்துக் கடை முதலாளி வாங்கிப் பார்த்தார். தரத்தில் ஒரு குறையும் அவர் சொல்லவில்லை. தகராறு வந்தது முத்திரையில். இந்தியாவில் செய்தது என்று கருவியின் மேல் பொறிக்க வேண்டும் என்றார் அர்தேஷிர். அப்படிப் பொறித்தால் ஒரு டாக்டரும் தொடமாட்டார், பொறிக்காமல் கொடு, விற்றுத் தருகிறேன் என்றார் முதலாளி. வியாபாரக் கண்ணோடு பார்த்தால் முதலாளி சொன்னது பொய்யில்லை. அந்தக் காலத்து டாக்டர் சீமை முத்திரையைப் பார்த்துத்தான் கத்தியை வாங்குவார். ஒரு வார்த்தையை விட்டுக் கொடுத்திருந்தால் தொழில் நின்றிருக்கும், கடனும் அடைந்திருக்கும். அர்தேஷிர் விட்டுக் கொடுக்கவில்லை. முதலாளியும் விட்டுக் கொடுக்கவில்லை. கருவித் தொழில் அத்தோடு முடிந்தது.

ஜான்சிபாரில் பொய் சொல்ல மாட்டேன் என்றதற்கும், பம்பாயில் பெயரை மறைக்க மாட்டேன் என்றதற்கும் அதிக தூரமில்லை. இரண்டு தடவையும் நஷ்டம் அவருக்கே.

திருட்டுச் செய்தி

கடனோடும் கையிருப்பில்லாமலும் இருந்த சமயத்தில் பத்திரிகையில் ஒரு செய்தி அவர் கண்ணில் பட்டது. பம்பாயில் வீடு புகுந்து திருடுவது பெருகிவிட்டது. ஜனங்கள் வீடுகளை இன்னும் பத்திரமாகப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. படித்தவர்கள் பயந்தார்கள். அர்தேஷிர் பூட்டைப் பற்றி யோசித்தார்.

பம்பாய் அப்போது எப்படிப்பட்ட ஊர் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். மில்களுக்கும் துறைமுகத்துக்கும் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்த நகரம். ஒரே கூரையின் கீழ் பத்துக் குடும்பம். அடுத்த அறையில் யார் இருக்கிறார் என்று தெரியாது. பகலெல்லாம் ஆண்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். பிறந்த கிராமத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வயலுக்குப் போனவர்கள், இங்கே பூட்டிவிட்டுத்தான் தண்ணீர் பிடிக்கவே போவார்கள். வேலைக்காக மாநிலம் விட்டு மாநிலம் வந்து வாடகை அறையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெட்டியில் இருப்பது நாலு துணியும் ஊருக்கு அனுப்ப வைத்த பணமும்தான் என்றாலும், அந்தப் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள்.

நம் பக்கத்துக்குத் திண்டுக்கல் பூட்டு பழைய சொத்து. ஆசாரிகள் பட்டறையில் உட்கார்ந்து அரத்தால் ராவி ஒவ்வொன்றாகச் செய்வது. மாங்காய்ப் பூட்டு என்று ஒரு வகையே உண்டு. கோயில் கதவுக்கும் செட்டியார் வீட்டுப் பெட்டகத்துக்கும் திண்டுக்கல்லில் சொல்லிச் செய்வார்கள். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வியாபாரத்தில் நம்பிக்கை என்பது ஆசாரியின் முகத்தில் இருக்கிறது. அவரை வாங்குபவருக்குத் தெரியும். அவர் தகப்பனாரையும் தெரியும். பம்பாய் போன்ற ஊரில் அது நடக்காது. பூட்டைச் செய்தவர் யாரோ, விற்பவர் யாரோ, வாங்குபவர் யாரோ. மறுசாவி ஒன்றை விற்றவரே வைத்திருக்கிறாரா என்ற சந்தேகத்தை யார் தீர்ப்பது?

அர்தேஷிர் கண்டுகொண்டது இந்த இடத்தைத்தான். இரும்பு எங்கும் கிடைக்கும். முன்பின் தெரியாதவர்களுக்கு நம்பிக்கையை விற்பதுதான் அரிது.

மீண்டும் காமாவிடம் போனார். முதல் கடன் அடையாதிருக்க இரண்டாவது கடன் கேட்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்; கொடுப்பதற்கு இன்னும் அதிகம் வேண்டும். காமா கொடுத்தார். 1897-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி, பம்பாய் காஸ் கம்பெனியை ஒட்டி, லால்பாக்கில் 215 சதுர அடி கொண்ட ஒரு கொட்டகையில் வேலை தொடங்கியது. நம் பக்கத்தில் ஒரு சாயாக் கடை அளவு இடம் என்று வைத்துக்கொள்ளலாம். குஜராத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் 12 கைவினைஞர்களை வரவழைத்திருந்தார். இன்று கேரளத்தில் சேர்ந்திருக்கும் மலபாரிலிருந்து போன கைகளும் அந்த முதல் பூட்டுகளில் பட்டிருக்கின்றன என்பதை இங்குள்ள வாசகர்கள் அறிந்து வைத்துக்கொள்ளலாம்.

பூட்டுக்குள் இருப்பது

முதலில் சந்தைக்கு வந்தது ஆங்கர் என்ற நங்கூர முத்திரைப் பூட்டு. ஒவ்வொரு பூட்டோடும் ஒரு காகிதம் வைத்துக் கொடுத்தார்கள். இந்தச் சாவி இந்தப் பூட்டுக்கு மட்டுமே உரியது, வேறு எந்தச் சாவியும் இதைத் திறக்காது என்ற உத்தரவாதம் அதில் இருந்தது. இன்றைக்குக் குக்கர் வாங்கினாலும் மின்விசிறி வாங்கினாலும் கார்டு தருகிறார்கள். அதை யாரும் படிப்பதில்லை. அன்று ஒரு தொங்கு பூட்டோடு அப்படியொரு காகிதம் தருவது பெரிய விஷயம். திண்டுக்கல் ஆசாரியின் முகம் செய்த வேலையை, முகம் தெரியாத ஊரில் அந்தக் காகிதம் செய்தது. காகிதம் பொய்த்தால் கம்பெனி முடிந்தது என்பதும் அர்தேஷிருக்குத் தெரியும்.

அப்படிப் பொய்த்த கதை சீமையில் உண்டு. இங்கிலாந்தில் சப் என்பவர் 1818-இல் ஒரு பூட்டு செய்தார். கள்ளச் சாவி போட்டால் உள்ளே சிக்கிக்கொண்டு, சொந்தக்காரருக்குத் திருட்டு முயற்சியைக் காட்டிக் கொடுக்கும். யாராலும் திறக்க முடியாது என்று முப்பது வருஷத்துக்கு மேல் பெயர் வாங்கியிருந்தது. 1851-இல் லண்டனில் நடந்த பெரிய பொருட்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், பலர் பார்க்க அதைத் திறந்து காட்டிவிட்டார். இன்னொரு புகழ்பெற்ற பூட்டான பிராமா பூட்டையும் திறந்தார். ஊரே கலங்கிப் போயிற்று. பூட்டு வியாபாரத்தில் பெயர் என்பது அவ்வளவு மெல்லிய கண்ணாடி.

அதனால் அர்தேஷிர் ஒரு பூட்டோடு நிற்கவில்லை. அடுத்து கார்டியன் என்ற வகை வந்தது. அதற்கு இரண்டு விதச் சாவிகள். இரண்டாலும் பூட்டலாம், திறக்கலாம். ஆனால் இரண்டாவது சாவிக்கு மட்டும் ஒரு கூடுதல் அதிகாரம் உண்டு. அதைக் கொண்டு பூட்டின் உள்ளமைப்பை மாற்றி, முதல் சாவியைப் பயனற்றதாக்கிவிடலாம். கடைச் சாவியைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வெளியூர் போகிற முதலாளிக்கு இது எவ்வளவு சௌகரியம் என்று பாருங்கள். திரும்பி வந்ததும் சண்டை போடாமல், சாவியைத் திருப்பிக் கேட்காமல், ஒரு திருகில் காரியம் முடிந்தது. தொழிற்சாலையில் உட்கார்ந்துகொண்டு எந்திரத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த யோசனை வராது. கடைத் தெருவில் யார் யாரை நம்புகிறார்கள், எதுவரை நம்புகிறார்கள் என்று பார்த்தவருக்குத்தான் வரும். கள்ளச் சாவி போட்டால் காட்டிக் கொடுக்கும் டிடெக்டர் பூட்டையும் அவர் செய்தார்.

எல்லாவற்றிலும் பெரிய வேலை ஸ்பிரிங் இல்லாத பூட்டு. பூட்டின் உள்ளே லீவர் எனப்படும் தட்டையான தகடுகள் அடுக்காக இருக்கும். சாவியின் பல் ஒவ்வொரு தகட்டையும் குறித்த உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். தூக்கிய தகட்டைப் பழைய இடத்துக்கு இறக்குவது ஒரு சிறு ஸ்பிரிங். பழைய பூட்டுகளின் பலவீனம் அங்கேதான். ஸ்பிரிங் துருப்பிடிக்கும், தளரும், ஒடியும். பிறகு சொந்தச் சாவி போட்டாலும் திறக்காது. பொழியூர், பூவாறு போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றில் பூட்டு என்ன பாடுபடும் என்று அங்குள்ளவர்களுக்குத் தெரியும்; தேங்காய் எண்ணெய் விட்டுத் தாக்கோலைத் திருகித் திருகிக் கை வலித்து, கடைசியில் கொல்லனைக் கூப்பிட வேண்டிவரும். பம்பாயும் கடல் ஊர்தான். மழைக்காலம் நம் ஊரைவிடக் கொடிது. ஸ்பிரிங்கே வேண்டாம், தகடுகளைச் சாவியே நகர்த்தட்டும் என்று அமைத்து, 1909-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

இரும்புப் பெட்டி

கதவைப் பூட்டியாயிற்று. கதவை உடைத்துக்கொண்டு வந்தால்? பூட்டு வாங்கிய வாடிக்கைக்காரரின் அடுத்த பயம் இதுதான். 1902-இல் கோத்ரெஜ் இரும்புப் பெட்டி சந்தைக்கு வந்தது. அன்றைய பெட்டிகளில் மூலைக்கு மூலை தகடுகளை ஒட்டியிருப்பார்கள். கடப்பாரை நுழைவது அந்த ஒட்டுகளில்தான். ஒரே எஃகுத் தகட்டைப் பதினாறு இடங்களில் வளைத்துப் பெட்டியாக்கினால் ஒட்டு குறையும் என்று அர்தேஷிர் கண்டார். கதவுக்கு இரட்டைத் தகடு. பூட்டை வெளித் தகட்டில் வைக்காமல் உள் தகட்டில் வைத்தார். வெளித் தகட்டைச் சுத்தியலால் அடித்து நசுக்கினாலும் பூட்டுக்குச் சேதம் வராது.

திருடன் ஒரு பக்கம், தீ ஒரு பக்கம். 1925-இல் கல்கத்தா தர்மதலாவில் பெரிய தீ விபத்து நேர்ந்தது. சாம்பலைக் கிளறி எடுத்த கோத்ரெஜ் பெட்டிகளைத் திறந்தபோது உள்ளே இருந்த காகிதங்கள் அப்படியே இருந்தன. எத்தனை விளம்பரம் போட்டாலும் கிடைக்காத பெயர் அந்தத் தீயில் கிடைத்தது. அதற்கு முன்பே, 1911-இல் டில்லி தர்பாருக்காக இந்தியா வந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் ராணியும் தமது பயணத்தில் கோத்ரெஜ் பெட்டியைப் பயன்படுத்தினார்கள். இந்தியாவில் செய்தது என்று பொறித்தால் யார் வாங்குவார் என்று மருந்துக் கடை முதலாளி கேட்டதற்குப் பதினைந்து வருஷம் கழித்து வந்த பதில் இது. அந்த முதலாளி இதைக் கேள்விப்பட்டாரா என்பதற்குக் குறிப்பில்லை.

பூட்டு வாங்கியவர் பெட்டி வாங்கினார். பெட்டி வாங்கும் அளவுக்குச் சொத்தில்லாதவர் என்ன செய்வார்? நாலு பவுன் நகை, பட்டுச் சேலை, பத்திரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று இவ்வளவுதான் நம்மவர்களின் சொத்து. அதற்கு அரை டன் பெட்டி வேண்டாம். 1923-இல் கம்பெனி எஃகு பீரோ செய்யத் தொடங்கியது. மரப் பீரோவைக் கரையான் தின்னும், இதைத் தின்னாது. பெட்டியில் கற்ற தகடு வளைக்கும் வேலையும், பூட்டில் கற்ற சாவி வேலையும் பீரோவில் ஒன்று சேர்ந்தன. கைவசம் உள்ள வித்தையை வைத்துக்கொண்டு, அதே வாடிக்கைக்காரரின் வீட்டில் அடுத்து என்ன தேவை என்று பார்ப்பது அவர்களுடைய முறையாக இருந்தது.

அண்ணனும் தம்பியும்

அர்தேஷிரை மட்டும் புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் அது நியாயமாகாது. தம்பி பிரோஜ்ஷா 1906-இல் தொழிலில் சேர்ந்தார். அண்ணன் கண்டுபிடிப்புக்காரர், ஒன்றைச் செய்து முடித்ததும் மனம் அடுத்ததற்குப் போய்விடும். பட்டறையை ஒழுங்காக நடத்துவது, ஆட்களை வைத்து வேலை வாங்குவது, பெருக்குவது தம்பியின் திறமை. தம்பி வராமலிருந்தால் கோத்ரெஜ் என்பது லால்பாக்கில் ஒரு நல்ல பூட்டுக் கடையாக இருந்து, அர்தேஷிரோடு முடிந்திருக்கலாம். தொழிலைத் தொடங்குகிறவரும் வளர்க்கிறவரும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம். இருவரும் ஒரே வீட்டில் பிறந்தது அந்தக் கம்பெனியின் யோகம்.

கம்பெனியின் பெயரில் இன்னொருவர் இருக்கிறார். கோத்ரெஜ் அண்டு பாய்ஸ் என்பதைப் படிக்கும் பலர், பாய்ஸ் யாரோ வெள்ளைக்காரக் கூட்டாளி என்று நினைப்பார்கள். அவர் காமாவின் உறவில் மருமகன் முறை, அவரும் பார்சிதான். கடன் கொடுத்த காமா, அந்தப் பையனையும் தொழிலில் சேர்த்துக்கொள்ளக் கேட்டுக்கொண்டார். அர்தேஷிர் சேர்த்துக்கொண்டார். பாய்ஸுக்குத் தொழில் ஒட்டவில்லை. சீக்கிரமே விலகிப் போய்விட்டார். பெயரை அர்தேஷிர் எடுக்கவில்லை. இரண்டு தடவை கைகொடுத்த காமாவுக்கு அவர் செய்த மரியாதையாகவே அது கொள்ளப்படுகிறது.

சுதேசியிலும் ஒரு சண்டை

அர்தேஷிர் தீவிர தேசபக்தர். இந்தியாவின் செல்வம் எப்படிச் சீமைக்கு வடிகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டிய தாதாபாய் நௌரோஜியிடம் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். 1921-இல் காங்கிரஸ் ஒரு கோடி ரூபாய் திரட்டிய திலகர் சுயராஜ்ய நிதிக்கு 3 லட்சம் ரூபாய் கொடுத்தார். ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளம் முப்பது நாற்பது ரூபாயாக இருந்த காலம் அது.

ஆனால் சுதேசிப் பேச்சாளர்களோடு அவருக்குத் தகராறு உண்டு. நம் நாட்டுப் பொருள் கொஞ்சம் மட்டமாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு வாங்குங்கள் என்று மேடையில் சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை. அப்படிச் சொன்னால் மட்டமாகச் செய்கிறவன் என்றைக்கும் திருந்தமாட்டான், வாங்குகிறவனும் ஒரு நாள் சலித்துப்போய் சீமைச் சரக்குக்கே திரும்புவான் என்பது அவர் வாதம். சீமைப் பூட்டைவிட நம் பூட்டு உயர்வாக இருக்க வேண்டும். அதன்பின் இந்தியாவில் செய்தது என்று தலைநிமிர்ந்து பொறித்துக்கொள்ளலாம். பெயரை மறைக்கச் சொன்ன மருந்துக் கடை முதலாளியோடு சண்டையிட்ட அதே மனிதர், பெயரை மட்டும் காட்டி விற்கச் சொன்னவர்களோடும் சண்டையிட்டார். பதேசி, சுதேசி இரு தரப்புக்கும் அவர் பிடிகொடுக்காதவராக இருந்ததில் ஆச்சரியமில்லை.

சோப்பில் இந்த வாதத்தை அவர் செய்துகாட்டினார். அந்நாளில் சோப்பு என்றால் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ கலந்திருக்கும். இந்துக்களுக்கு ஒன்று ஆகாது, முஸ்லிம்களுக்கு மற்றொன்று ஆகாது. தாவர எண்ணெயில் சோப்பு காய்ச்ச முடியாது என்று பெரிய கம்பெனிகள் சொல்லிக்கொண்டிருந்தன. 1918-இல் அர்தேஷிர் கொழுப்பில்லாத சோப்பைக் கொண்டுவந்தார். துணி சோப்புக்குச் சாவி என்றே பெயர் வைத்தார். பூட்டில் சம்பாதித்த நம்பிக்கையைச் சோப்புக்கும் இழுத்துவிடும் தந்திரம் அது. 1920-இல் குளியல் சோப்பு வந்தது. பெயர் இரண்டாம் நம்பர். முதல் நம்பர் எங்கே என்று கேட்டார்கள். இரண்டாம் நம்பரே இவ்வளவு நன்றாக இருந்தால் முதல் நம்பர் எப்படி இருக்கும் என்று ஜனங்கள் நினைக்கட்டும் என்பது திட்டம். 1922-இல் முதல் நம்பரும் வந்தது. ராஜாஜி, அன்னி பெசன்ட், தாகூர் ஆகியோர் அதை மெச்சினார்கள். வேறொரு சோப்புக்காரர் ஆசி வேண்டியபோது, கோத்ரெஜின் முயற்சிக்கு அதனால் பாதகம் வருமானால் தம்மால் ஆசி தர இயலாது என்று காந்தியடிகள் எழுதிவிட்டார்.

நாசிக் தோட்டம்

1928-இல், அறுபது வயதில், அர்தேஷிர் தொழிலைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு நாசிக்குக் குடிபெயர்ந்தார். விவசாயம் செய்யப் போகிறேன் என்றார். நிலத்தில் பணத்தைப் போட்டார், புதுப்புது முறைகளைப் பரீட்சை செய்தார். பூட்டுக்கு வசப்பட்ட கை மண்ணுக்கு வசப்படவில்லை. தோட்டம் லாபம் தரவில்லை. ஒரு தொழிலில் ஜெயித்தவர் எல்லாத் தொழிலிலும் ஜெயிப்பார் என்ற நினைப்புக்கு நாசிக் ஒரு பதில். பம்பாய்க்கு வந்து மறுபடியும் நாற்காலியில் உட்கார அவர் ஆசைப்படவில்லை. 1932-இல் கோத்ரெஜ் அண்டு பாய்ஸ் லிமிடெட் கம்பெனியாகப் பதிவாயிற்று. 1936-இல் அர்தேஷிர் காலமானார்.

அவர் செய்த பெட்டிக்கு மிகப் பெரிய சோதனை அவர் மறைந்தபின் வந்தது. 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி, பம்பாய் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றி நின்ற ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல் வெடித்தது. துறைமுகப் பகுதியே எரிந்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். இடிபாடுகளிலிருந்து எடுத்த கோத்ரெஜ் பெட்டிகளில் வைத்திருந்தவை பிழைத்தன.

பிரோஜ்ஷா 1943-இல் பம்பாய்க்கு வெளியே விக்ரோலியில் பெரும் நிலப்பரப்பை வாங்கினார். அங்கே எழுந்த தொழிற்சாலையில் 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்கு லட்சக்கணக்கான எஃகு ஓட்டுப் பெட்டிகள் செய்யப்பட்டன. 1955-இல் இந்தியாவிலேயே முழுமையாகச் செய்த டைப்ரைட்டர் அங்கிருந்து வந்தது. அந்த டைப்ரைட்டரில் விரல் தேய்ந்து ஹையர் பாஸ் செய்து, திருவனந்தபுரத்திலும் பம்பாயிலும் குமாஸ்தா வேலைக்கு அமர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர். கம்ப்யூட்டர் வந்தபின் அதன் உற்பத்தி படிப்படியாகக் குறைந்து நின்றுபோயிற்று. பிரோஜ்ஷா 1972 வரை வாழ்ந்தார். அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லாததால், தொழில் பிரோஜ்ஷாவின் பிள்ளைகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் வந்தது.

2024-இல் அந்தக் குடும்பம் கோர்ட்டுக்குப் போகாமல் பேசிப் பாகம் பிரிந்தது. பூட்டும் பீரோவும் விக்ரோலி நிலமும் ஜாம்ஷித் கோத்ரெஜ், ஸ்மிதா இவர்கள் பக்கம் வந்தன. சோப்பு ஆதி கோத்ரெஜ், நாதிர் இவர்கள் பக்கம் போயிற்று. பாய்ஸ் என்ற பெயர் பூட்டோடு சேர்ந்து வந்தது.